சூரியனை மறைக்க ஒரு ராக்கெட்டா?

2024 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள், மாலை 4 மணி 4 நிமிடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-59 என்னும் ராக்கெட் கிளம்பியது. பழவேற்காட்டுக் கரையில் நிற்கும் எங்களுக்கு ஏவுதளம் வடக்கே சுமார் 35 கிலோ மீட்டர் தொலைவு. ஆகையால் முதலில் நெருப்பு தெரியும். பிறகு வெண்புகை தெரியும். உறுமல் மட்டும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்தே காதில் விழும். ஏரிக்கரைக் குப்பங்களில் பிறந்த எங்களுக்கு இது புதிய காட்சி அன்று.

ராக்கெட் ஏவும் நாளில் கடலின் ஒரு பகுதிக்குள் படகுகள் போகக் கூடாது என்று முன்னதாகவே அறிவித்து விடுவார்கள். கழன்று விழும் பாகங்களால் ஒருவருக்கும் ஆபத்து நேரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அன்றைக்கு எங்கள் அப்பாமார் கரையிலேதான் இருப்பார்கள். இந்த ராக்கெட்டோ முந்தின நாளே கிளம்ப வேண்டியது. அது சுமந்து சென்ற செயற்கைக்கோளில் ஒரு கோளாறு தெரிந்ததால் மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று.

கரையில் வலை பின்னிக் கொண்டிருந்த எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா, "இது எதுக்கும்மா போவுது?" என்று கேட்டார். வகுப்பில் கேட்டிருந்ததை நினைவில் கொண்டு, "சூரியனை மறைக்கிறதுக்குத் தாத்தா" என்றோம்.

"சூரியனை மறைக்க ஒரு ராக்கெட்டா? கையை வச்சா மறையாதா? அதுக்கா ரெண்டு நாள் பாடு போச்சு?" என்றார் அவர்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் எங்கள் விஞ்ஞான ஆசிரியையான அருட்சகோதரியிடம் சொன்னபோது, அவர் சிரிக்கவில்லை. "தாத்தா கேட்டது நல்ல கேள்வி. பதிலைத் தேடிக் கண்டுபிடித்து அவருக்குச் சொல்லுங்கள். பிறகு ஆண்டு மலருக்கும் எழுதுங்கள்" என்றார். நாங்கள் தேடித் தெரிந்து கொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

கையே முதல் கருவி

இரவில் கரையில் நின்று படகுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது தெரியும். படகின் முன்னால் பளிச்சென்று விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. வருவது அப்பாவா, பக்கத்து வீட்டு மாமாவா என்று கண்டுகொள்ள முடியாது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? கையை உயர்த்தி விளக்கை மட்டும் மறைக்கிறோம். உடனே படகின் ஓரம் தெரிகிறது, குவித்து வைத்த வலை தெரிகிறது, ஆளும் தெரிகிறது.

விளக்கு எரிந்தபோதும் அப்பாவின் முகத்திலிருந்து வந்த வெளிச்சம் நம் கண்ணை வந்து சேர்ந்து கொண்டுதான் இருந்தது. ஆனால் பெரிய வெளிச்சம் நம் கண்ணுக்குள்ளேயே சிதறிப் பரவி, சிறிய வெளிச்சத்தை மூழ்கடித்து விட்டது. பகலிலும் வானத்தில் நட்சத்திரங்கள் இருக்கவே செய்கின்றன. சூரிய ஒளியில் மூழ்கிப் போனதால் நாம் அவற்றைக் காண்பதில்லை. மங்கலான பொருளைப் பார்க்க அதன்மேல் வெளிச்சம் போடத்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரிய வெளிச்சத்தை மறைத்தாலும் போதும். ஆகவே தாத்தா சொன்னது பாதி சரி.

மீதிப் பாதியை அறிந்துகொள்ள நாங்கள் ஒரு சோதனை செய்து பார்த்தோம்.

ஊதுபத்தியும் ஒரு ரூபாய் நாணயமும்

மாலையில் வகுப்பறையின் ஜன்னல்களைச் சாத்தி இருட்டாக்கினோம். மேஜைமேல் ஒரு கைப்பேசியை நிறுத்தி, அதன் சிறிய டார்ச் விளக்கை எங்கள் பக்கம் பார்த்து எரிய விட்டோம். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தோம். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது டார்ச் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. ஊதுபத்தியின் செம்பொறி இருந்த இடமே தெரியவில்லை.

முதலில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தோம். டார்ச் மறைந்தது, அதோடு ஊதுபத்தியும் மறைந்து போயிற்று. நாணயம் கண்ணுக்கு அருகில் இருப்பதால் அது மறைக்கும் இடம் பெரிதாகி விடுகிறது. சரி, சிறியதாக ஒன்றை வைப்போம் என்று ஊசி முனையில் ஒரு மிளகைக் குத்திப் பிடித்தோம். இப்போது மிளகைச் சுற்றி வெளிச்சம் வழிந்து கண்ணில் பட்டது. மிளகு நம் கண்மணியின் அளவே இருப்பதால் அதனால் முழுவதும் மறைக்க இயலவில்லை.

மூன்றாவதாக, அதே நாணயத்தை ஒரு பென்சிலில் ஒட்டி, டார்ச்சுக்கு ஓரடி முன்னால் களிமண்ணில் நட்டு வைத்தோம். பழைய இடத்துக்கு வந்து நாணயத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தோம். டார்ச் மட்டும் மறைந்தது. பக்கத்தில் ஊதுபத்தியின் செம்பொறி தனியாகத் தெரிந்தது! எங்களில் ஒருத்தி கைதட்டியே விட்டாள்.

ஆனால் சிறிது நேரத்தில் ஊதுபத்தியின் புகை டார்ச் வெளிச்சத்தின் குறுக்கே வந்தது. புகை வெள்ளையாக ஒளிர்ந்து செம்பொறியை மறுபடியும் மறைத்தது. தலையைச் சற்றே அசைத்தபோது நாணயத்தின் ஓரத்தில் வெளிச்சம் எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் கெடுத்தது.

அன்று நாங்கள் கற்றவை மூன்று. முதலாவது, மறைக்கும் பொருள் கண்ணிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இரண்டாவது, நடுவில் புகையோ தூசியோ இருக்கலாகாது. மூன்றாவது, மறைப்பானும் பார்ப்பவரும் நேர்கோட்டில் அசையாமல் இருக்க வேண்டும். உலகத்து விஞ்ஞானிகள் நூறாண்டுகளாகப் போராடி வருவதும் இந்த மூன்றோடுதான் என்று பின்னால் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

சந்திரன் என்னும் மறைப்பான்

சூரியனை அப்படித் தள்ளி நின்று மறைக்கும் பொருள் ஒன்றைக் கடவுள் ஏற்கெனவே படைத்திருக்கிறார். அதுதான் சந்திரன். சூரியனின் குறுக்களவு சந்திரனைப் போல் சுமார் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் சந்திரனைப் போல் சுமார் 400 மடங்கு. ஆகையால் வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. முழுச் சூரிய கிரகணத்தின்போது சந்திரன் சூரியத் தட்டை அளவெடுத்தாற்போல் மறைக்கிறது. அப்போது அதைச் சுற்றி முத்துப் போன்ற வெண்மையான ஒளிமகுடம் ஒன்று தெரியும். அதற்குக் கரோனா என்று பெயர். 2020 இல் நம் பள்ளிகளை மூட வைத்த கிருமிக்கும் இதே பெயர்தான். அதன் மேலுள்ள முட்கள் மகுடம் போல் இருந்ததால் அப்படிப் பெயரிட்டார்கள்.

சூரியத் தட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே கரோனாவின் ஒளி. ஆனால் அதன் வெப்பமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்! சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி மட்டுமே. அடுப்பை விட்டு விலகிப் போகப் போகச் சூடு ஏறுவது போன்ற இந்தப் புதிரை விஞ்ஞானிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கவில்லை.

1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் நம் நாட்டின் வழியாகச் சென்றது. அதைக் காணப் பிரான்சு நாட்டிலிருந்து ஜான்சென் என்னும் விஞ்ஞானி ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றார். சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுடர்களின் ஒளியை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்யர் செய்த ஆய்வும் சேர்ந்து, அதுவரை மனிதர் அறியாத ஒரு தனிமத்தைக் காட்டின. அதுவே ஹீலியம். பூமியில் அது 1895 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. திருவிழாவில் நாம் வாங்கும் பலூனை மேலே தூக்கும் அந்த வாயு, பூமியில் கிடைப்பதற்கு முன் சூரியனில் கண்டறியப்பட்டது!

ஆனால் சந்திரனை நம்பிக் காத்திருப்பது எளிதன்று. முழுக் கிரகணம் அதிகம் போனால் ஏழரை நிமிடம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். இந்திய மண்ணில் 2009 ஜூலை 22 இல் தெரிந்தது. அடுத்தது 2034 மார்ச் 20 இல், அதுவும் வடக்கே காஷ்மீரப் பகுதியில்தான் தெரியும். இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து சில நிமிடம் பார்ப்பதா? அதற்குள் மேகம் வந்துவிட்டால்?

லியோ செய்த செயற்கைக் கிரகணம்

தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு கிரகணத்தை உண்டாக்கினால் என்ன என்று பலர் முயன்று தோற்றார்கள். 1930 இல் அதில் வெற்றி கண்டவர் பிரான்சு நாட்டின் பெர்னார் லியோ. தொலைநோக்கியில் சூரியனின் பிம்பம் விழும் இடத்தில் ஒரு சிறு தட்டை வைத்துச் சூரியத் தட்டின் ஒளியை மறைத்தார். இது மற்றவர்களும் செய்ததே. அவர்கள் தோற்றதற்குக் காரணம் வேறு என்பதை லியோ கண்டார்.

எங்கள் ஏரியின் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். கடலிலிருந்து வரும் அலை, குறுகிய முகத்துவாரத்துக்குள் நுழைந்ததும் நேராகவே போவதில்லை. இரண்டு ஓரங்களிலும் வளைந்து உள்ளே விசிறிபோல் பரவுகிறது. ஒளியும் அலைதான். அது தொலைநோக்கிக் கண்ணாடியின் விளிம்பில் படும்போது இப்படியே வளைந்து, போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகிறது. கண்ணாடியில் ஒட்டிய தூசியும், அதனுள் இருக்கும் நுண்ணிய குமிழியும் ஒளியைச் சிதறடிக்கின்றன. எங்கள் ஊதுபத்திப் புகை செய்த வேலையைத்தான் அவையும் செய்கின்றன.

லியோ, குற்றமில்லாத கண்ணாடியைத் தேர்ந்து அதைத் துப்புரவாக வைத்துக் கொண்டார். விளிம்பில் வளைந்த ஒளி வந்து கூடும் இடத்தைக் கணக்கிட்டு, அங்கே இரண்டாவதாக ஒரு வளையத் தடுப்பை வைத்தார். தூசி குறைந்த காற்றுக்காகச் சுமார் 2,870 மீட்டர் உயரமுள்ள பிக்-து-மிதி மலைமேல் கருவியை ஏற்றினார். கிரகணம் இல்லாத பகல் வேளையில் கரோனாவை மனிதர் கண்டது அதுவே முதல் முறை. இந்தக் கருவிக்குக் கரோனாகிராஃப் என்று பெயர். இன்றைக்கும் நட்சத்திரங்களின் ஒளியை மறைக்கும் கருவிகள் பலவற்றில் லியோவின் வளையத் தடுப்பு இருக்கிறது.

ஆனாலும் எவ்வளவு உயரமான மலையிலும் காற்று இருக்கிறது. காற்று சூரிய ஒளியைச் சிதறடிப்பதால்தான் வானம் நீலமாக ஒளிர்கிறது. அந்த ஒளிரும் திரையை நீக்க ஒரே வழி, காற்றே இல்லாத விண்வெளிக்குப் போவது.

பெரிய மீனை விட்டுவிடும் வலை

2023 செப்டம்பர் 2 அன்று முற்பகல் 11 மணி 50 நிமிடத்துக்கு, இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியது. சூரியனை ஆராய்வதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் விண்கலம் அது. 2024 ஜனவரி 6 இல் தன் இடத்தைச் சென்றடைந்தது. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கிலோ மீட்டர் தொலைவில் அந்த இடம் இருக்கிறது. கேட்பதற்குப் பெரிய தொலைவு. ஆனால் சூரியனுக்குப் போகும் வழியில் நூற்றில் ஒரு பங்குதான். அங்கே இரவும் இல்லை, கிரகணமும் இல்லை. எந்நேரமும் சூரியனைப் பார்த்துக் கொண்டிருக்கலாம்.

அதிலுள்ள ஏழு கருவிகளில் முதன்மையானது ஒரு கரோனாகிராஃப். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அமைத்தது. கொடைக்கானல் மலையில் 1899 இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடமும் இன்று அந்த நிறுவனத்தைச் சேர்ந்ததே.

இந்தக் கருவி சூரியனை மறைக்கும் முறை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் கண்ணாடி, சூரியனின் பிம்பத்தை இரண்டாவது கண்ணாடிமேல் விழச் செய்கிறது. இரண்டாவது கண்ணாடியின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. சூரியத் தட்டின் பெருவெளிச்சம் அந்தத் துளை வழியாகப் புகுந்து வெளியேறிப் போய்விடுகிறது. சுற்றியுள்ள கரோனாவின் மங்கலான ஒளி மட்டும் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கருவிக்குள் செல்கிறது. நாம் பார்த்த வலையெல்லாம் சிறிய மீனை விட்டுவிட்டுப் பெரிய மீனைப் பிடிக்கும். இதுவோ பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைப் பிடிக்கும் வலை!

ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி, செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. அரசுப் பள்ளியில் படிக்கிறோமே, சிறிய ஊரில் பிறந்தோமே என்று நம்மில் பலர் தயங்குகிறோம். அவர் செங்கோட்டையில் பள்ளிப் படிப்பையும், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்து, 1987 இல் இஸ்ரோவில் சேர்ந்தவர் என்று படித்தபோது எங்கள் தயக்கம் கொஞ்சம் குறைந்தது.

தள்ளி வைத்த கை

இனி, தாத்தா கேட்ட ராக்கெட்டுக்கு வருவோம். அது சுமந்து சென்றது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ப்ரோபா-3 என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள்.

தொலைநோக்கிக்குள் வைக்கும் தட்டு, நாங்கள் கையில் பிடித்த நாணயத்தையும் மிளகையும் போன்றது. அருகில் இருப்பதால் அதன் ஓரத்தில் வளையும் ஒளி கருவிக்குள்ளே வந்து கலந்து விடுகிறது. தட்டைத் தள்ளி வைக்க வைக்க அந்தத் தொல்லை குறையும். ஆனால் எவ்வளவு நீளமான தொலைநோக்கியைத்தான் செய்ய முடியும்? ஆகவே ஐரோப்பிய விஞ்ஞானிகள் கருவியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு செயற்கைக்கோளில் 1.4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தட்டு இருக்கிறது. மற்றதில் தொலைநோக்கி இருக்கிறது. இரண்டும் சுமார் 150 மீட்டர் இடைவெளி விட்டுப் பறக்கின்றன. தட்டின் நிழல் தொலைநோக்கியின்மேல் விழும். அந்த நிழலின் அகலமோ வெறும் 8 சென்டிமீட்டர். எங்கள் தலை சற்று அசைந்ததும் வெளிச்சம் எட்டிப் பார்த்ததே, அப்படி நேராதிருக்க அவை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடம் பிசகாமல் பறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை.

பூமியைச் சுற்றிவர அவற்றுக்கு 20 மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. பூமியை விட்டு 50,000 கிலோ மீட்டருக்கும் அதிகமாக விலகிச் செல்லும்போது இந்தச் செயற்கைக் கிரகணத்தை உண்டாக்குகின்றன. சந்திரன் சில நிமிடமே தருவதை இவை ஒரு சுற்றில் ஆறு மணி நேரம் வரை தர வல்லவை. 2025 ஜூன் மாதத்தில் இவை எடுத்த முதல் படங்கள் வெளியாயின. நூலகத்துக் கணினியில் அவற்றைப் பார்த்தோம். நடுவே கறுப்பு வட்டம். சுற்றிலும் கூந்தலைப் போல் விரிந்த கரோனா. நம் ஏரியின்மேல் புகைவிட்டுப் போன ராக்கெட் அல்லவா இதைக் கொண்டு போய்ச் சேர்த்தது என்று எண்ணியபோது எங்களுக்கு உள்ளம் நிறைந்தது.

அகத்திய நட்சத்திரத்தின் பக்கத்தில்

சூரியனும் ஒரு நட்சத்திரமே. அப்படியானால் மற்ற நட்சத்திரங்களை மறைத்தால் அவற்றின் அருகே என்ன தெரியும்?

தை, மாசி மாத இரவுகளில் கடற்கரையில் தெற்கு நோக்கி நில்லுங்கள். தாழ்வாக, மிகப் பிரகாசமாக ஒரு நட்சத்திரம் தெரியும். அதுவே அகத்திய நட்சத்திரம். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ, அதற்குச் சற்று அதிகமாக வலப்பக்கத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பீட்டா பிக்டோரிஸ். அதிலிருந்து ஒளி நம்மிடம் வர சுமார் 63 ஆண்டுகள் ஆகின்றன. நம் தாத்தா பாட்டி பள்ளி சென்ற காலத்தில் புறப்பட்ட ஒளியை நாம் இன்று பார்க்கிறோம். தெற்கே பட்டணத்து விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் பரவியிருக்கும் இரவில் அது தெரியாது. அந்த வெளிச்சத்தைக் கையால் மறைக்கவும் முடியாது. லியோவின் தூசியைப் போல அது எங்கும் சிதறியிருக்கிறதே!

1984 இல் ஸ்மித், டெரில் என்னும் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியில் ஒரு கரோனாகிராஃபைப் பொருத்தி, பீட்டா பிக்டோரிஸின் ஒளியை மறைத்துப் படம் எடுத்தார்கள். அதன் இரண்டு பக்கமும் நீண்ட கோடுபோல் தூசித் தட்டு ஒன்று தெரிந்தது. கிரகங்கள் உருவாவது இப்படிப்பட்ட தட்டிலிருந்துதான். நம் பூமியும் ஒரு காலத்தில் இத்தகைய தூசியிலிருந்தே திரண்டது. பின்னர் ஆன்-மரி லாகிராஞ் என்னும் பிரெஞ்சு அம்மையாரின் குழுவினர், நட்சத்திரத்தின் ஒளியைப் படத்திலிருந்து கழித்துப் பார்த்து, அதனருகே வியாழனை விடப் பல மடங்கு எடையுள்ள ஒரு கிரகத்தைக் கண்டார்கள். 2008 இல் அதை அறிவித்தார்கள். நட்சத்திரத்தின் ஒரு பக்கம் இருந்த அந்தப் புள்ளி மறுபக்கம் வந்திருப்பதை 2010 இல் காட்டி, அது கிரகமே என்று நிறுவினார்கள். அதே அம்மையாரின் குழு, 2025 இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கரோனாகிராஃபைக் கொண்டு வேறொரு நட்சத்திரத்தின் அருகில் சனிக்கோள் அளவு எடையுள்ள கிரகத்தைக் கண்டது.

நம் பூமியைப் போன்ற சிறிய கிரகத்தைக் காண்பது இன்னும் கடினம். தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்கு, பூமியின் ஒளி சூரிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கே. கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியில் உட்கார்ந்த மின்மினியைப் பல நூறு கல் தொலைவிலிருந்து தேடுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இதற்கென 1962 இலேயே ஸ்பிட்சர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். தொலைநோக்கியை விட்டுப் பல்லாயிரம் கிலோ மீட்டர் தள்ளி ஒரு பெரிய மறைப்பை விண்வெளியில் நிறுத்துவதே அது. அதன் ஓரத்தைச் சூரியகாந்திப் பூவின் இதழ்களைப் போல் வெட்டினால், விளிம்பில் வளையும் ஒளியும் அடங்கும் என்கிறார்கள். அப்படி ஒரு பூ இன்னும் விண்ணில் மலரவில்லை. ஆனால் தள்ளி நிற்கும் மறைப்பும் தொலைநோக்கியும் நேர்கோட்டில் பறக்க முடியும் என்பதை ப்ரோபா-3 காட்டிவிட்டது.

நமக்கு என்ன பயன்?

"அதெல்லாம் சரி, அதனால் வலையில் மீன் விழுமா?" என்று தாத்தா கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

இன்று எங்கள் அப்பாமார் பலர் படகில் ஜி.பி.எஸ். கருவியை வைத்திருக்கிறார்கள். வலை விட்ட இடத்தையும், கரைக்கு வரும் வழியையும் அது காட்டுகிறது. அந்தக் கருவி செயற்கைக்கோள்களை நம்பியது. சில வேளைகளில் சூரியனின் கரோனாவிலிருந்து கோடிக்கணக்கான டன் மின்னூட்டப் பொருள் பிய்த்துக் கொண்டு விண்வெளியில் பாய்கிறது. அது பூமியின் பக்கம் வந்தால் காந்தப் புயல் உண்டாகும். 2024 மே 10, 11 தேதிகளில் இருபது ஆண்டுகளில் காணாத பெரும் காந்தப் புயல் வீசியது. நம் நாட்டில் லடாக்கிலுள்ள ஹான்லேயில் இரவு வானம் சிவந்து ஒளிர்ந்தது. அமெரிக்காவில் ஜி.பி.எஸ். வழிகாட்ட உழும் டிராக்டர்கள் பாதை தவறின.

கடலில் புயல் உருவாகும் இடத்தை அறிந்தால்தான் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற முடியும். அதுபோல் இந்தப் புயல் பிறக்கும் இடம் கரோனா. சூரியனின் விளிம்புக்கு மிக அருகில் அதைப் பார்த்தால்தான் அது எப்போது புறப்பட்டது என்று சொல்ல முடியும். 2024 ஜூலை 16 இல் எழுந்த அப்படியொரு வெடிப்பு தொடங்கிய நேரத்தை ஆதித்யாவின் கரோனாகிராஃப் கொண்டு நம் விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். பூமிக்கு அது வந்து சேரப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகும். அந்த அவகாசத்தில் செயற்கைக்கோள்களையும் மின்நிலையங்களையும் காத்துக் கொள்ளலாம்.

ஆகையால் அந்த இரண்டு நாள் பாடு வீண் போகவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் என்ன குறையும் என்பது எங்களுக்குத் தெரியும். அதைச் சிறிதென்று சொல்ல மாட்டோம். ஆனால் அன்று கரையில் காத்திருந்தவர்களுக்கும் இந்தப் படங்களில் ஒரு பங்கு உண்டு. விஞ்ஞானிகளின் பெயரோடு அவர்கள் பெயர் அச்சாவதில்லை. செல்வந்தர்கள் அள்ளிப் போட்ட காணிக்கைகளின் நடுவே, ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசுகளை நம் ஆண்டவர் கவனித்தார் அல்லவா? பெரிய வெளிச்சத்தின் பக்கத்தில் இருக்கும் சிறியதைப் பார்க்க அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தேவைப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. கையால் மறைத்தாலும், கறுப்புக் கண்ணாடி போட்டாலும் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் பழுதாகிவிடும். எங்கள் ஊதுபத்திச் சோதனையைச் செய்து பாருங்கள். அதுவும் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது.

எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பின் ஒரு ஞாயிறு மாலை தாத்தாவிடம் போனோம். ஊதுபத்தி, நாணயம், டார்ச் எல்லாம் கொண்டு போனோம். படகு மறைவில் இருட்டான இடத்தில் சோதனையைச் செய்து காட்டினோம். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் செம்பொறியையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "நான் சொன்னதுதானே! அதுவும் கைதான். கொஞ்சம் தூரத்துல வச்ச கை" என்றார்.

அதைவிட நன்றாக எங்களால் சொல்ல முடியவில்லை. அடுத்த ராக்கெட் போகும்போது அது எதற்குப் போகிறது என்று எங்களுக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்று தாத்தா கேட்டிருக்கிறார். சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.